இரக்கம் மட்டும் போதாது: சிறப்புக் குழந்தைகளின் ஹக்கு



நம் மஹல்லாக்களில் பேச்சு வராத பிள்ளை, எழுந்து நடக்க இயலாத பிள்ளை, வயதுக்கேற்ற அறிவு வளர்ச்சி இல்லாத பிள்ளை உள்ள வீடுகள் பல. அந்தத் தாய்மார்கள் நம் அலுவலகத்திற்கு வரும்போது பணக் கஷ்டத்தை மட்டும் சொல்வதில்லை. இரவெல்லாம் தூங்காத பிள்ளை, குக்கர் விசில் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளை, பதினான்கு வயதிலும் குளிப்பாட்டி உடுத்திவிட வேண்டிய பிள்ளை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பாரம் இருக்கிறது. கல்யாண வீட்டுக்குப் போயே பல வருடம் ஆகிவிட்டது என்று கண் கலங்குகிறார்கள்.

"ஸப்ர் செய்யுங்கள், அல்லாஹ் கூலி தருவான்" என்கிறோம். அது உண்மைதான். ஆனால் ஸப்ர் அந்தப் பெற்றோரின் அமல். அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய ஹக்கு தனியாக இருக்கிறது. அதை நிறைவேற்றும் பொறுப்பு தாய்க்கு மட்டும் உரியதல்ல. தகப்பனுக்கும், உறவுகளுக்கும், ஜமாஅத்திற்கும் உண்டு. அந்த ஹக்குகளில் நான்கை இங்கே பார்ப்போம்.

1. காலத்தோடு வைத்தியம்

"ஆண் பிள்ளை மெதுவாகத்தான் பேசும்", "கண்ணேறு பட்டிருக்கும், ஓதிப் பார்க்கலாம்" என்று சொல்லியே இரண்டு மூன்று வருடங்களைக் கழித்துவிடுகிறோம். பயிற்சிக்கு மிகவும் பயன்தரும் வயது அதுவே. ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளையையும், இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத பிள்ளையையும் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டி, காது கேட்கிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

ஒவ்வொரு நோய்க்கும் அல்லாஹ் மருந்தை இறக்கியிருக்கிறான், வைத்தியம் செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். துஆவும் ஓதுவோம், மருத்துவரிடமும் போவோம். கிழக்குக் கடற்கரைச் சாலை முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு தேசிய நிறுவனம் இயங்கி வருகிறது. பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி எல்லாம் அங்கே உண்டு. நம் பகுதியிலிருந்து தூரம்தான். ஆனால் அங்கே கற்றுக்கொள்வதைத் தினமும் வீட்டில் செய்தால்தான் பலன். ஒளு செய்வதைக்கூட ஒவ்வொரு படியாக, படம் வரைந்து சுவரில் ஒட்டி, ஒரே வரிசையில் தினமும் பழக்கலாம்.

"யார் செய்த பாவமோ" என்று தாயைக் குத்திப் பேசுவது பெரும் அநியாயம். ஒருவர் பாவத்தை மற்றவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆனின் தெளிவான போதனை.

2. கல்வியும் அரசு உதவியும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உட்பட 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அது தருகிறது. பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி தருவது பற்றி வட்டார வள மையத்தில் கேளுங்கள். பார்வையற்ற பிள்ளைகளுக்கு நம் பூந்தமல்லியிலேயே அரசுப் பள்ளி இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முதல் படி தேசிய அடையாள அட்டை. மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மாவட்டவாரியாக இருப்பதால் அலையாமல் போக இதைக் கவனியுங்கள்: அம்பத்தூர் 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது, ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கும் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிராமயா' என்ற ஒரு லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடும் உண்டு. இவை பிச்சை அல்ல. கேட்டுப் பெற வெட்கப்பட வேண்டாம்.

3. பள்ளிவாசலில் இடம்

கண் தெரியாத ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் விஷயமாகவே 'அபஸ' சூரா இறங்கியது. அவர்கள் மஸ்ஜிதுந் நபவியில் பாங்கு சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவில் தங்கள் பொறுப்பை அவர்களிடம் விட்டும் சென்றார்கள். மேலும், தொழுகையில் ஒரு குழந்தையின் அழுகை கேட்டால், தாயின் மனம் தவிக்கும் என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டதாக புகாரியில் ஹதீஸ் இருக்கிறது.

நம் பள்ளிகளிலோ ஒரு சிறப்புக் குழந்தை சத்தம் போட்டால் முன் ஸஃப்பிலிருந்து முறைக்கிறோம். அந்தத் தகப்பன் அடுத்த ஜும்ஆவுக்குப் பிள்ளையை வீட்டிலேயே விட்டு வருகிறார். புத்தி தெளிவில்லாதவர் மீது தொழுகை கடமையில்லை என்பது மார்க்கச் சட்டம். கடமை இல்லை என்பதற்காக வரக்கூடாது என்று ஆகிவிடாது. ஒலிபெருக்கி இல்லாத ஓர் ஓரம், சக்கர நாற்காலிக்கு ஒரு சரிவுப் பாதை, வாசலில் ஒரு ஸலாம் போதும்.

4. சொத்தும் பாதுகாப்பும்

பெற்றோரைத் தூங்கவிடாத கேள்வி, "எங்களுக்குப் பிறகு யார்?" என்பதுதான். 'இவனுக்கு எதற்குப் பங்கு, நாம்தானே பார்த்துக்கொள்கிறோம்' என்று சகோதரர்கள் சொத்தைப் பிரித்துக்கொள்வது பல குடும்பங்களில் நடக்கிறது. ஊனம் வாரிசுரிமையை நீக்காது. மற்ற மகனுக்கும் மகளுக்கும் உள்ள பங்கு இவர்களுக்கும் குறைவின்றி உண்டு. நிர்வகிக்க அறிவு போதாதவரின் பொருளைப் பொறுப்பானவர் வைத்திருந்து, அதிலிருந்து உணவும் உடையும் கொடுத்து, நல்ல வார்த்தை பேச வேண்டும் என்று சூரா நிஸாவின் 5ஆவது வசனம் கற்பிக்கிறது. பொருள் அவருடையதே; பொறுப்பாளர் அதற்குச் சொந்தக்காரர் அல்ல.

பிள்ளைக்கு 18 வயது நிறைந்தால், பெற்றோர் என்ற ஒன்றே சட்டத்தில் போதாது. வங்கிக் கணக்கு, பத்திரம் என்று வரும்போது சிக்கல் எழும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மேலே சொன்ன நான்கு வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு, ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவில் விண்ணப்பித்துச் சட்டபூர்வக் காப்பாளராக நியமனம் பெறலாம். தானே முடிவெடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது தேவைப்படாது. வாரிசுக்கு வஸிய்யத் செய்தால் மற்ற வாரிசுகள் சம்மதிக்க வேண்டும் என்பதால், உயிரோடு இருக்கும்போதே ஹிபா செய்வது பற்றி ஆலிமிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பேசி, எழுதி வையுங்கள்.

கடைசியாக ஜமாஅத்தாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் இப்படி ஒரு வீடு இருந்தால், வாரத்தில் இரண்டு மணி நேரம் உங்கள் வீட்டுப் பெண்கள் போய் அந்தப் பிள்ளையோடு இருக்கட்டும். அந்தத் தாய் நிம்மதியாகத் தொழட்டும், தூங்கட்டும், உறவினர் வீட்டுக்குப் போய் வரட்டும். அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பம் நிரப்ப நம் அலுவலகத்திற்கு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

அல்லாஹ் இந்தப் பிள்ளைகளின் ஹக்கை நிறைவேற்றும் தௌஃபீக்கை நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.