வாத்துக்குஞ்சுக்கு முதல் நாளே குளம் வேண்டுமா?

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் கோயில் குளத்தைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு வாத்துக்குஞ்சு என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வரும். நீர்ப்பறவைதானே, வந்த அன்றே வாளியில் நீந்த விட்டால் என்ன என்று கேட்பார்கள். வீட்டுக்கு வரும் குஞ்சுகளில் பலவற்றைக் கொல்வது இந்த நம்பிக்கைதான். தாயோடு இருக்கும் குஞ்சு நீந்திவிட்டு வந்து அவள் இறகுக்குள் புகுந்து காய்ந்துகொள்ளும். பொரிப்பகத்தில் பிறந்ததற்கு அந்த அணைப்பு கிடையாது. மெல்லிய ரோமம் நனைந்து ஊறி, உடம்பு சில்லிட்டு, சில மணி நேரத்தில் துவண்டுவிடும். இறகு முளைக்கும் வரை, அதாவது மூன்று நான்கு வாரங்களுக்கு, குளிக்கத் தண்ணீர் வேண்டாம்.

குடிக்கத் தண்ணீர் கட்டாயம் வேண்டும், அதுவும் மூக்குத் துவாரம் மூழ்கும் ஆழத்துக்கு. அலகை முக்கி மூக்கைக் கழுவாமல் வாத்தால் இருக்க முடியாது. தண்ணீர் பக்கத்தில் இல்லாமல் உலர்ந்த தீவனம் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தட்டில் கூழாங்கற்களைப் பரப்பித் தண்ணீர் ஊற்றினால் அலகு மட்டும் உள்ளே போகும், உடம்பு நனையாது.

பயணத்தைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். நிரணத்தில் அரசு வாத்துப் பண்ணை இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து அட்டைப்பெட்டியில் திருவனந்தபுரம் வர ஒரு நாள்கூட ஆகாது. பட்டினியில் செத்துவிடுமே என்ற கவலை தேவையில்லை. முட்டையை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன் மிச்ச மஞ்சள் கரு குஞ்சின் வயிற்றுக்குள் போய்விடும். இரண்டு மூன்று நாளுக்கு அதுவே உணவு. அமெரிக்காவில் 1918 முதல் கோழிக்குஞ்சுகளைத் தபாலில் அனுப்ப முடிந்ததும் இதனால்தான். பெட்டியைத் திறந்ததும் முதலில் தண்ணீர். ஒவ்வொன்றின் அலகையும் வெதுவெதுப்பான தண்ணீரில் மெதுவாகத் தொட வையுங்கள். தீவனம் அதற்கப்புறம்.

"நம்ம ஊர் வெயிலுக்கு பல்பு எதுக்கு?" என்பது அடுத்த கேள்வி. முதல் வாரம் குஞ்சுக்கு ஏறக்குறைய 32 டிகிரி செல்சியஸ் வேண்டும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பெய்யும் இரவில் திண்ணையில் அது கிடைக்காது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும்: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், மூலைக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சுவிட்டால் சூடு அதிகம். கீழே செய்தித்தாள் விரிக்காதீர்கள். வழுக்கி, கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். சணல் சாக்கு போதும்.

நொய்யரிசி போட்டாலே வளர்ந்துவிடும் என்பதைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். வாத்துக்குஞ்சுக்குக் கிலோ தீவனத்தில் சுமார் 55 மில்லிகிராம் நியாசின் என்ற வைட்டமின் வேண்டும்; கோழிக்குஞ்சின் தேவையைவிட இது அதிகம். குறைந்தால் கால் வளைந்து நடக்க முடியாமல் போகும். கோழி ஸ்டார்ட்டர் தீவனம்தான் கிடைக்கிறது என்றால் அதில் கொஞ்சம் புரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடுக்கலாம்.

பூஞ்சை பிடித்த புண்ணாக்கையும் அரிசியையும் "கோழி வாத்துக்குத்தானே" என்று கொட்டுவது அதைவிடக் கொடுமை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன, வாத்துக்குஞ்சுகளும் செத்தன. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்குதான் காரணம். அஃப்லடாக்சின் என்ற நஞ்சு அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த நஞ்சை வாத்துக்குஞ்சால் கொஞ்சமும் தாங்க முடியாது. அதனால் தீவனத்தில் நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே விஞ்ஞானிகள் வாத்துக்குஞ்சைப் பயன்படுத்தினார்கள்.

வாத்துக்கு நோயே வராது என்பார்கள். ஆனால் 2014 நவம்பரில் குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் பரவி, லட்சக்கணக்கான பறவைகளை அழிக்க வேண்டியிருந்தது; அவற்றில் பெரும்பாலானவை வாத்துகள். அதன் பிறகும் அந்த நோய் பலமுறை திரும்பி வந்திருக்கிறது. வாத்து சில சமயம் நோய்க் குறி காட்டாமலே கிருமியைச் சுமக்கும். ஆகவே பறவைக் காய்ச்சலுக்காக விற்பனைத் தடை அமலில் இருக்கும்போது யார் மலிவாகத் தந்தாலும் குஞ்சு வாங்காதீர்கள். குஞ்சைத் தொட்ட பிள்ளைகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று செத்தால் வெறுங்கையால் எடுத்துப் புதைக்காமல், அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள்.