டாக்டர்கள் எல்லோரும் பணக்காரர்களா?

"டாக்டருக்கு என்ன குறை? பணம் கொட்டுகிறது." பலர் இப்படிச் சொல்கிறார்கள். இது உண்மையா? பார்ப்போம்.

டாக்டர் ஆக எத்தனை வருடம் படிக்க வேண்டும்? பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு எம்.பி.பி.எஸ். படிப்பு. இதற்கு நாலரை வருடம் ஆகும். பிறகு ஆஸ்பத்திரியில் 1 வருடம் பயிற்சி. மொத்தம் ஐந்தரை வருடம். குழந்தை டாக்டர் ஆக இன்னும் 3 வருடம் படிக்க வேண்டும்.

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு. தனியார் கல்லூரியில் வருடத்துக்குப் பல லட்சம் ரூபாய். சிலர் கடன் வாங்கிப் படிக்கிறார்கள். வேலைக்கு வந்த பிறகு முதலில் கடனை அடைக்க வேண்டும்.

எல்லா டாக்டர்களின் வருமானமும் ஒன்றல்ல. நகரத்தில் சொந்த ஆஸ்பத்திரி வைத்திருப்பவர் நிறைய சம்பாதிக்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு மாதச் சம்பளம்தான். அங்கே நோயாளிகள் கூட்டம் அதிகம். கூட்டம் கூடினாலும் சம்பளம் கூடாது.

பெரிய ஆஸ்பத்திரியில் பில் பெரிதாக வருகிறது. அது முழுவதும் டாக்டருக்குப் போகிறதா? இல்லை. அறை வாடகை, மருந்து, ஸ்கேன், நர்ஸ் சம்பளம், முதலாளியின் லாபம் எல்லாம் அதில் உண்டு. டாக்டருக்கு ஒரு பங்குதான்.

தவறு செய்யும் டாக்டர்களும் உண்டு. நோயாளியை அனுப்பி வைத்ததற்குக் கமிஷன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் இதைத் தடை செய்கின்றன.

மேற்கு வங்காளத்தில் போல்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே டாக்டர் சுஷோவன் பானர்ஜி இருந்தார். ஏழைகளிடம் 1 ரூபாய்தான் வாங்குவார். மக்கள் அவரை 'ஒரு ரூபாய் டாக்டர்' என்றார்கள். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2022இல் காலமானார்.

ஆகவே டாக்டர்களில் பணக்காரரும் உண்டு, கடன்காரரும் உண்டு. "பணம் பிடுங்குவார்கள்" என்று பயந்து சிலர் வீட்டிலேயே கிடக்கிறார்கள். நோய் முற்றிவிடுகிறது. பிறகு செலவும் கூடுகிறது, உயிருக்கும் ஆபத்து. அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே போகலாம்.

தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் செலவை முதலிலேயே கேளுங்கள். பில் கேட்டு வாங்குங்கள். சிகிச்சைக் குறிப்புகளையும் கேட்கலாம். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. ஜன் ஔஷதி கடைகளில் பல மருந்துகள் மலிவாகக் கிடைக்கும். கேட்பது நம் உரிமை.

யோசித்துப் பேசுங்கள்:
1. ஆஸ்பத்திரி பில்லில் என்னென்ன செலவுகள் சேர்கின்றன?
2. உங்கள் ஊருக்கு அருகில் அரசு ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது?