முகவரி சரியாக இருந்தால் கடிதம் சேரும்

பாளையங்கோட்டை,
பங்குனி மாதம்.

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது.   

நேற்று நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். கடிதம் என்றால் எடுத்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படிப்பாய்.

யாரோ ஒருவர் உன் கருப்பட்டிக் கடைக்கு வந்தாராம். “இனிமேல் ஜனங்கள் சாட்ஜிபிடியிடமும் ஜெமினியிடமும்தான் கேட்பார்கள். அவை உங்கள் கடைப் பெயரை முதலில் சொல்லும்படி செய்து தருகிறேன், 25,000 ரூபாய் ஆகும்” என்றாராம். அவர் சொன்னதில் முதல் பாதி நிஜம். இரண்டாம் பாதியை நம்பிப் பணம் கொடுத்துவிடாதே.

2022 நவம்பர் கடைசியில்தான் சாட்ஜிபிடி வெளிவந்தது. இன்றைக்கு எங்கள் எதிர்வீட்டுப் பையன் எது வாங்குவதென்றாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறான். பழைய தேடலில் பக்கம் பக்கமாகக் கடைகள் வரும். நாம் இறங்கிப்போய்ப் பார்க்கலாம். இது பெரும்பாலும் இரண்டு மூன்று பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அந்த மூன்றுக்குள் வராத கடை, கேட்டவருக்குத் தெரியாமலே போய்விடும். உன் கவலை நியாயமானதுதான்.

ராத்திரி அத்தையின் போனில் சாட்ஜிபிடியிடம் நானே கேட்டுப் பார்த்தேன். நம் ஊர் கூடங்குளத்தைப் பற்றிச் சொல் என்றால், 1988-ல் சோவியத் நாட்டோடு போட்ட ஒப்பந்தம், தலா 1,000 மெகாவாட் உலைகள், 2011-ல் இடிந்தகரையில் நடந்த போராட்டம் என்று மளமளவென்று சொன்னது. கருப்பட்டி எங்கே வாங்கலாம் என்றால் உடன்குடிக்குப் போகச் சொன்னது. உன் கடை வாசலில் காய்ச்சும் வாசனை அதற்கு எட்டவே இல்லை.

வருத்தப்படாதே. நம் ஊரைப் பற்றி உலகம் எழுதிக் குவித்ததெல்லாம் அணு உலையைப் பற்றித்தான். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பத்திரிகைகள் எழுதின. எழுதிக் கிடப்பதைத்தான் அது படிக்கிறது, படித்ததைத்தான் சொல்கிறது. உன் கடையைப் பற்றி எங்கே என்ன எழுதியிருக்கிறது? வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் விலைப்பட்டியல் போடுகிறாய், 24 மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. அது உன் சிநேகிதிகளுக்குத் தெரியும், வெளி உலகத்துக்குத் தெரியாது.

நான் உங்கள் பக்கத்து அஞ்சலகத்தில் வேலை பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நமக்குப் பக்கத்தில் செட்டிகுளம் இருக்கிறது. நாகர்கோவிலுக்குள் ஒரு செட்டிகுளம், பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு செட்டிகுளம், இலங்கையில் வவுனியா பக்கம் இன்னொன்று. ஒருநாள் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறை முழுக்க வேறு வேறு ஊர் முத்திரை. மஞ்சள் தடவிய மூலை நைந்துபோயிருந்தது. மேலே பெயரும் “செட்டிகுளம்” என்ற ஒரு சொல்லும்தான். பிரித்துப் பார்த்த பெரியவர் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்; முகூர்த்தம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அனுப்பியவருக்குப் பிரியம் இருந்தது. முகவரி எழுதத் தெரியவில்லை. இந்த மாதிரிக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு கொண்டுவந்தார்கள். 627 என்று தொடங்கினால் நாட்டின் எந்த மூலையில் தபால் பிரிப்பவருக்கும் அது திருநெல்வேலி என்று தெரிந்துவிடும்.

அதனால் முதல் வேலை முகவரி. உன் கடைப் பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், கூகுள் வரைபடத்தில் யாரோ வாடிக்கையாளர் போட்டுவிட்ட இன்னொரு பெயர். நம் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் ‘கே’க்குப் பிறகு ‘யு’ போட்டு எழுதுகிறவர்களும் உண்டு, இரண்டு ‘ஓ’ போட்டு எழுதுகிறவர்களும் உண்டு. இத்தனை பெயரும் ஒரே கடை என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்? ஒரே பெயர், ஒரே முகவரி, ஒரே போன் நம்பர் என்று முடிவு செய். ஊர்ப் பெயரின் இரண்டு எழுத்து முறையையும் ஒரு இடத்தில் சேர்த்துக் குறிப்பிட்டுவிடு. கூகுள் வரைபடத்திலும் மைக்ரோசாஃப்டின் பிங்கிலும் கடையைப் பதிவது இலவசம். திறக்கும் நேரம், விடுமுறை நாள், பொட்டலத்தில் இருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் எல்லாவற்றையும் போடு.

இரண்டாவது, கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வை. கடைக்கு வருகிறவர்கள் கேட்பதை அப்படியே எழுதிக்கொள். “சீனி கலந்திருக்கா?” “சில்லுக்கருப்பட்டியில் என்ன போடுறீங்க?” “மழைக்காலத்தில் எத்தனை நாள் தாங்கும்?” திருச்செந்தூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகக் கன்னியாகுமரி போகிறவர், “டெல்லிக்கு அனுப்புவீங்களா?” என்பார். இதே கேள்விகளைத்தான் இயந்திரத்திடமும் கேட்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் நாலு வரியில் பதில் எழுதிச் சின்னதாக ஒரு இணையப் பக்கத்தில் போடு. படமாக மட்டும் போட்டு விட்டுவிடாதே, எழுத்தாகப் போடு. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் இருக்கும் வடநாட்டுக்காரர்களுக்கும் ஆகும். நாம் பயனி என்போம், நாகர்கோவில்காரர் அக்கானி என்பார், சென்னைக்காரர் பதநீர் என்பார். மூன்று சொல்லும் உன் பக்கத்தில் இருக்கட்டும்.

எழுதும்போது “உலகத்தரம், பாரம்பரியச் சுவை” என்றெல்லாம் அளக்காதே. எந்தக் கடையும் அதைச் சொல்லும். “பங்குனி முதல் ஆடி வரை இறக்கும் பதநீரை அன்றன்றே காய்ச்சுகிறோம், செரட்டையில் ஊற்றி எடுக்கிறோம், சீனி சேர்ப்பதில்லை, கிலோ இன்ன விலை” என்று எழுது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தையும் டெல்லி ஐஐடியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2023-ல் இதைச் சோதித்திருக்கிறார்கள். எண்ணும் ஆதாரமும் மேற்கோளும் உள்ள பக்கங்களையே இந்த இயந்திரங்கள் அதிகம் எடுத்தாளுகின்றன, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பதால் பலன் இல்லை என்று கண்டார்கள்.

மூன்றாவது, நீ உன்னைப் பற்றிச் சொல்வதைவிட ஊரார் சொல்வதற்கு மதிப்பு அதிகம். மாற்றலாகிப் போகும் டவுன்ஷிப் குடும்பங்களிடம், வாங்கியது என்ன, எப்படி இருந்தது என்று கூகுளில் இரண்டு வரி எழுதச் சொல். ஐந்து நட்சத்திரம் போட்டால் தள்ளுபடி என்று சொல்லாதே. காசு கொடுத்துப் பொய் விமர்சனம் எழுதவைக்கவே கூடாது. இணைய விமர்சனங்களுக்கென்றே 2022-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐஎஸ் 19000 என்று ஒரு தர அளவுகோலை வெளியிட்டிருக்கிறது. ஐப்பசி மழையில் கருப்பட்டி நீர்விட்டுவிட்டது என்று ஒருவர் குறை எழுதியிருந்தாரே, அதற்கு நீ பதிலே போடவில்லை. “உண்மைதான், அடைமழையில் அப்படி ஆகும், இப்படிப் பாதுகாத்தால் கெடாது, வேறு அனுப்புகிறேன்” என்று எழுது. அந்தப் பதிலைப் படிக்கிறவர் உன்னை நம்புவார்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். விற்பனை கூடும் என்று உன் கருப்பட்டிக்கு உடன்குடிப் பெயரை ஒட்டாதே. அது அந்த மண்ணுக்குச் சட்டம் கொடுத்த பெயர். உன் கருப்பட்டி ராதாபுரத்துத் தேரிப் பனையில் இறங்கியது. அதை அப்படியே சொல். அந்தப் பெயரில் இன்னும் யாரும் பெரிதாக எழுதவில்லை, முதலில் எழுதுகிறவள் நீயாக இரு.

இதையெல்லாம் செய்தாலும் முதல் இடம் நிச்சயம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே கேள்விக்கு இன்றைக்கு ஒரு பதில், நாளைக்கு ஒரு பதில் வரும். கேட்கிறவரைப் பொறுத்தும் மாறும். அதனால்தான் அந்த இடத்தை விலைக்குத் தருவதாகச் சொல்கிறவரை நம்பாதே என்கிறேன். மாதம் ஒருமுறை நீயே கேட்டுப் பார். தப்பாகச் சொன்னால் அந்தத் தப்பு எங்கே எழுதியிருக்கிறது என்று தேடி, அங்கே போய்த் திருத்து.

சீசன் தொடங்கிவிட்டது. அந்த 25,000 ரூபாயை நம் பனையேறிக்கு முன்பணமாகக் கொடு. இந்த வருஷம் அவர் கூடுதலாக நாலு பனை ஏறட்டும். பதநீர் நன்றாக இருந்தால்தான் எழுதுவதற்கும் உண்மை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நோட்டை எடுத்து வை, முதல் பக்கத்தை இரண்டு பேரும் சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
மாமா