கிரவுன் பினியனை மாற்றினால் டீசல் மிச்சமாகுமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் பகுதிகளில் சினிமா அவுட்டோர் யூனிட் நடத்துபவர்களுக்கு லாரியின் டீசல் கணக்கு ஓயாத கவலை. லைட்டுகள், டிராலி தண்டவாளம், ஜெனரேட்டர் என்று எல்லாவற்றையும் சுமக்கும் இந்த வண்டிகள் ஒரு வாரம் ஆற்காடு சாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும். அடுத்த வாரம் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பொள்ளாச்சியில் நிற்கும். செலவைக் குறைக்க வழி கேட்டால் ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் யோசனைகளில் ஒன்று, பின் அச்சின் ஹவுசிங்கில் வேறு ரேஷியோ கிரவுன் பினியன் போடுவது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எந்த வேகத்தில், எந்தச் சுமையோடு, எந்தச் சாலையில் ஓடும் வண்டி என்று கேட்காமல் சொல்லப்படும் ரேஷியோ எதுவாக இருந்தாலும் அது வெறும் எண்தான்.

நம்பிக்கை: ரேஷியோ எண் குறைந்தால் மைலேஜ் கூடியே தீரும்.

உண்மை: கிரவுன் வீலில் 41 பல்லும் பினியனில் 6 பல்லும் இருந்தால் ரேஷியோ 6.83. அதே 41 பல்லுக்குப் பினியனில் 7 பல் இருந்தால் 5.86. முதலாவது இழுவைக்கு, இரண்டாவது வேகத்துக்கு. 10.00-20 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 3.2 மீட்டர் உருளும். டாப் கியர் நேரடி கியராக உள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, 6.83 ரேஷியோவில் எஞ்சின் சுமார் 2,130 சுற்று சுற்றும், 5.86-இல் சுமார் 1,830 போதும். சுற்று 14 சதவீதம் குறைகிறது. ஆனால் டீசல் 14 சதவீதம் குறையாது. சக்கரம் செய்ய வேண்டிய வேலை, அதாவது டயரின் உருளல் தடையையும் காற்றின் எதிர்ப்பையும் மீறி வண்டியைத் தள்ளும் வேலை, கொஞ்சமும் மாறவில்லை. எஞ்சினுக்குள்ளேயே உராய்விலும் காற்றை இழுத்துத் தள்ளுவதிலும் வீணாகும் பங்கு மட்டுமே குறைகிறது. ஆகவே கிடைப்பது ஒருசில சதவீத லாபம். அதுவும் எஞ்சின் தன் சிக்கனமான சுற்றில், ஆர்.பி.எம். மீட்டரின் பச்சைப் பட்டைக்குள், போதுமான பளுவோடு ஓடினால்தான். ரேஷியோவை இன்னும் குறைத்துச் சுற்று பச்சைப் பட்டைக்குக் கீழே விழுந்தால் எஞ்சின் முக்கும், புகை தள்ளும், டிரைவர் கியரை இறக்குவார். டாப் கியரில் மிச்சப்படுத்த நினைத்த டீசல் அதற்குக் கீழுள்ள கியரில் போய்விடும்.

மேடு வந்தால் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 6.83-ஐ எடுத்துவிட்டு 5.86 போட்டால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை 14 சதவீதம் குறையும். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் வரையிலான சமதளத்தில் அது உறைக்காது. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது, முன்பு இரண்டாம் கியரில் ஏறிய வளைவை முதல் கியரில் ஏற வேண்டியிருக்கும். நெருக்கமான வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்ச் தேயும். வருடத்தில் பாதி நாள் மலையில் படப்பிடிப்பு என்றால் சமதளத்து லாபம் கிளட்ச் பிளேட்டில் கரைந்துவிடும்.

வெளிநாட்டு உதாரணம் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலை டிரக்குகளில் முன்பு 3.5-க்கு மேல் இருந்த ரேஷியோ இன்று 2.5 அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாம் மட்டும் ஏன் 6-இல் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே ரேஷியோவை மட்டும் மாற்றவில்லை. 13 லிட்டர், 15 லிட்டர் எஞ்சின்கள் மிகக் குறைந்த சுற்றிலேயே முழு முறுக்குவிசை தரும்படி மாற்றி, கியர் பெட்டியையும் அதற்கேற்ப அமைத்து, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும் சாலையில் ஓட்டுகிறார்கள். நம் யூனிட் லாரியின் எஞ்சின் அதில் பாதிகூட இல்லை. நம் நாட்டுச் சரக்கு வாகனங்களுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் உச்சமே 80 கிலோமீட்டர். அங்கிருந்து கற்க வேண்டியது அந்த எண்ணை அல்ல. எஞ்சின், கியர் பெட்டி, ஹவுசிங், டயர் நான்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடும் முறையை. டாப் கியர் 0.75 ஓவர்டிரைவாக இருந்தால் 6.83 ரேஷியோவே நடைமுறையில் 5.12 ஆகிவிடுகிறது. கியர் பெட்டியைப் பார்க்காமல் ஹவுசிங் எண்ணை மட்டும் ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

நம்பிக்கை: மாற்றிய பிறகு மைலேஜ் கூடியது லாக் புக்கிலேயே தெரிகிறது.

உண்மை: பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் கணக்கெடுப்பது கியர் பெட்டியின் பின்பக்கத்திலிருந்து. அந்த இடத்துக்குப் பின்னால் இருக்கும் ஹவுசிங்கில் பல்லை மாற்றினால் மீட்டருக்கு அது தெரியாது. 5.86 இருந்த வண்டிக்கு 6.83 போட்டுவிட்டு மீட்டரைத் திருத்தாமல் விட்டால், வண்டி உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடும்போது மீட்டர் 117 காட்டும். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி தாளில் 4.67 கொடுக்கும். ஒரு சொட்டு டீசல்கூட மிச்சமாகாமல், இழுவையும் கூடி மைலேஜும் கூடியதாக ஒரு கதை பிறந்துவிடும். வேக ரேஷியோவுக்கு மாற்றியவருக்கு இதற்கு நேர்மாறு: 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 86 தான் காட்டும், நல்ல மாற்றத்தையும் நஷ்டம் என்று நினைத்துவிடுவார். ஜெனரேட்டர் வேனில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. ஜெனரேட்டருக்குத் தனி எஞ்சின். அதற்கு ஊற்றும் டீசலும் வண்டிக்கு ஊற்றும் டீசலும் ஒரே பில்லில் வந்தால், இரவுப் படப்பிடிப்பு அதிகமான மாதத்தில் மைலேஜ் சரிந்தது போலவும், பகல் படப்பிடிப்பு மாதத்தில் ஏறியது போலவும் தெரியும். பழி மட்டும் ஹவுசிங் மேல் விழும்.

நம்பிக்கை: ஊருக்குள் ஓடும் வண்டிக்கும் சரியான ரேஷியோ போட்டால் டீசல் மிச்சமாகும்.

உண்மை: நகருக்குள் டீசலைத் தின்பது ரேஷியோ அல்ல, பிரேக். 10 டன் வண்டி நின்ற இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகம் பிடிக்க, எஞ்சினின் திறனையும் சேர்த்துக் கணக்கிட்டால், சுமார் 50 மில்லி டீசல் ஆகும். அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்தால் அத்தனையும் சூடாகிப் போகிறது. இருபது தடவை நின்று கிளம்பினால் ஒரு லிட்டர். கோடம்பாக்கம் மேம்பாலத்திலிருந்து வடபழனி வரை டாப் கியர் விழவே வாய்ப்பில்லாத நேரத்தில், எந்தக் கியரில் போவது என்பதை டிரைவரின் கைதான் முடிவு செய்கிறது. ஹவுசிங் ரேஷியோ சற்று முன்பின் இருந்தாலும் அவர் ஒரு கியர் மேலோ கீழோ போட்டுச் சமன் செய்துகொள்வார். நெடுஞ்சாலையிலும் ரேஷியோவைவிட மலிவான வழி உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுவதால், 80-இல் போவதை விட்டு 60-இல் போனால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் காற்றைத் தள்ளும் வேலை 44 சதவீதம் குறையும். இதற்குக் கிரவுன் பினியனும் வேண்டாம், மெக்கானிக் கூலியும் வேண்டாம்.

அப்படியானால் ரேஷியோவுக்கு மதிப்பே இல்லையா? நிச்சயம் உண்டு, வண்டி வாங்கும்போது. ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று ரேஷியோ கிடைத்தால், அதிகம் ஓடும் வேகத்தில் டாப் கியரில் எஞ்சின் பச்சைப் பட்டையின் நடுவே நிற்கும் எண்ணைக் கேட்டு வாங்குவதுதான் அறிவு. யூனிட் வண்டிக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. சரக்கு லாரி பாரத்தோடு போய்க் காலியாகத் திரும்பும். ஜெனரேட்டர் வேன் போகும்போதும் வரும்போதும் ஒரே எடை. ஒருமுறை எடை மேடையில் ஏற்றிவிட்டால் கணக்கு துல்லியமாக அமையும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் ஹவுசிங்கைத் திறக்கச் சொல்வதற்கு முன், மூன்று மாதம் ஃபுல் டேங்க் முறையில் டீசலை அளந்து பாருங்கள். ஜெனரேட்டர் டீசலைத் தனிப் பில்லில் எழுதுங்கள். மீட்டர் காட்டும் தூரத்தை நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிடுங்கள். டயர் காற்றைச் சரிபாருங்கள், டிரைவரிடம் 60-ஐத் தாண்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் பிறகும் சமதள நெடுஞ்சாலையில் டாப் கியரில் எஞ்சின் பச்சைப் பட்டைக்கு மேலேயே கத்திக்கொண்டிருந்தால், அப்போது ரேஷியோவை மாற்றுங்கள். மாற்றிய அன்றே மீட்டரையும் திருத்துங்கள்.