மோக்ளி முதல் பீம் வரை

சித்திரப் படம் என்பது ஓவியங்களின் ஓட்டமே. திரைப்படத்தில் நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன; ஓர் ஓவியத்தை இரு சட்டங்களுக்கு வைத்தாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். 1940-இல் பிறந்த ‘டாம் அண்டு ஜெர்ரி’யின் ஏழு நிமிடப் படமொன்றுக்கு, இக்கணக்கின்படி 5,040 ஓவியங்கள்! பேச்சு மிகக் குறைவு. ஆதலின் அப்பூனையும் எலியும் எந்நாட்டவர்க்கும் விளங்கின.

பேச்சு மிகுந்தால் என் செய்வது? 1993-இல் தூர்தர்சன் ஞாயிறுதோறும் ஒளிபரப்பிய ‘ஜங்கிள் புக்’ சப்பானில் வரையப்பட்டது, பேசியதோ இந்தி. பரவையில் அண்டை வீட்டு வாசலில் நின்று பார்த்த என் அம்மா, மொழி புரியாமலே கதையைத் தாமே கட்டிக்கொண்டார். அவர் எனக்குச் சொன்ன கதையில் ஷேர்கான் அழகர்மலைப் புலி! (அதுவே எனக்கு இன்றும் பிடித்த கதை.)

2007-இல் சுட்டி டிவி வந்தது. அதில் டோரா தமிழில் வினவினாள். விடைக்காகச் சற்றே காத்தும் நின்றாள். புத்தகம் புழங்காத எங்கள் வீட்டில், என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆசிரியை அவளே எனலாம். நான் உரக்க விடை சொல்வேன். அடுப்படியிலிருந்து அம்மாவும் சொல்வார்.

இன்று என் தம்பி கைப்பேசியில் ‘சோட்டா பீம்’ பார்க்கிறான். 2008-இல் ஐதராபாத்தில் உருவான அத்தொடர் தமிழிலேயே பேசுகிறது. காதில் கருவி மாட்டியிருப்பதால், அம்மாவுக்குத்தான் கேட்பதில்லை.