விலை பேசி முடித்த பின் பணம் தராமல் இழுத்தடிப்பது

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! இன்று நம் வீட்டுப் பெண்கள்கூட வாட்ஸ்அப்பில் அபாயா, அத்தர் என்று வியாபாரம் செய்கிறார்கள். அவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "ஹஜ்ரத், விலை பேசி முடிச்சாச்சு. சரின்னு சொன்னவர் ஒரு வாரமா பணம் அனுப்பல. வேற ஒருத்தர் கேக்குறார், கொடுத்துடலாமா?"

முதலில் அங்கே என்ன நடந்தது என்று பாருங்கள். நீங்கள் 5,000 என்று போட்டீர்கள். அவர் 4,000க்குக் கேட்டார். நீங்கள் 4,500 என்றீர்கள். உங்கள் இந்தச் சொல் புதிய ஈஜாப். அவர் "சரி" என்றது கபூல். வியாபாரம் முடிந்துவிட்டது. கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாலும் அதே சட்டம்தான்! பொருள் இப்போது அவருடையது. பணம் அவர் மீது கடன். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு சூரா மாயிதாவின் முதல் வசனமே கட்டளையிடுகிறது.

கையில் பணம் வைத்துக்கொண்டே "நாளை, நாளை மறுநாள்" என்பவர் கவனிக்க வேண்டும். வசதியுள்ளவர் கடனைத் தள்ளிப்போடுவதை நபி (ஸல்) அவர்கள் அநீதி என்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது வருகிறது. சிறிய தொகைதானே என்று நினைக்கிறார். விற்ற பெண்மணி அந்தப் பணத்தை வைத்துத்தான் அடுத்த சரக்கு எடுக்க வேண்டும்.

உண்மையிலேயே நெருக்கடியில் இருப்பவர் என்றால் அவகாசம் கொடுக்கச் சொல்கிறது சூரா பகரா 280. வாங்கியவர் வருந்தி, வேண்டாம் என்று கேட்டால் முறித்துக் கொடுப்பதற்குப் பெரும் நன்மை உண்டு. ஃபிக்ஹில் இதை இகாலா என்பார்கள்.

விற்றவருக்கு என்ன உரிமை? ரொக்க வியாபாரத்தில் பணம் வரும்வரை பொருளைக் கொடுக்காமல் வைத்திருக்கலாம். தாமதத்திற்காக நூறு ரூபாய் கூடப் போட்டு வாங்குவது வட்டி. வியாபாரம் நிற்கும்போதே சொல்லாமல் அடுத்தவருக்கு விற்பதும் கூடாது. அது அவருடைய பொருள். பணம் வர வழியே இல்லை என்றாகிவிட்டால் விற்றவர் தாமாகவே முறித்துக்கொள்ளலாம் என்பதை ஹனஃபி மத்ஹபின் ஹிதாயாவில் பார்க்கிறோம். முறித்ததை அவருக்கு ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, பிறகு விற்றுக்கொள்ளுங்கள்.

இந்தச் சிக்கலே வராமல் இருக்க நம் இமாம்கள் வழி காட்டியிருக்கிறார்கள். "மூன்று நாளுக்குள் பணம் வராவிட்டால் நமக்குள் வியாபாரம் இல்லை" என்று விலை பேசும்போதே நிபந்தனை வைக்கலாம். இதற்கு கியாருந் நக்த் என்று பெயர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மூன்று நாள் என்றார்கள். இமாம் முஹம்மத் (ரஹ்) அதைவிடக் கூடுதலையும் அனுமதித்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த நிபந்தனை செல்லாது. அவர்கள் "இப்போது பேசுவது பேச்சுதான், பணம் வரும்போதுதான் வியாபாரம்" என்று முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்வது பேணுதல்.

சிலர் முன்பணம் வாங்கிவிட்டு, மீதி வராவிட்டால் அதை வைத்துக்கொள்கிறார்கள். ஹன்பலி மத்ஹபில் அதற்கு இடமுண்டு. ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டிலும் இல்லை. வியாபாரம் முறிந்தால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.