திரை நோயாளியும் தோட்டத்து நோயாளியும்

கேள்வி: இலங்கையின் பன்வில போன்ற தேயிலைத் தோட்டப்பகுதி மக்களின் வாழ்க்கைமுறையை மருத்துவ மாணவருக்குக் கணினி வழியே கற்பிக்க இயலுமா?

பதில்: ஓரளவு இயலும். நோயாளியின் மொழி, நம்பிக்கை, வாழ்நிலை ஆகியவற்றை அறிந்து சிகிச்சையளிக்கும் ஆற்றல் பண்பாட்டுத் தகைமை எனப்படும். 1963இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயாளியாக நடிக்க ஒருவரைப் பழக்கிய முறையின் நீட்சியாக, திரையில் தோன்றும் கற்பனை நோயாளியிடம் மாணவர் வினவி அத்தகைமையைப் பழகும் மெய்நிகர் பயிற்சி இன்று வந்துள்ளது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருவரை அவ்வாறு அமைத்தால், அவர் கிளினிக்குக்கு வராததற்குக் காரணம் அறியாமையன்று, அன்றைய பேர், அதாவது நாட்கூலி, கிடைக்காமற்போவதே என்பது புலப்படும்வரை மாணவர் கேட்டுப் பழகலாம். தவறினாலும் எவருக்கும் தீங்கில்லை. ஆயினும் தோட்ட மக்களைக் கலந்தாலோசிக்காமல் அமைக்கப்படும் பாத்திரம், பழைய தப்பெண்ணத்தையே பாடமாக்கிவிடும். மேலும், இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியபோதும், சிங்களம் மட்டுமே அறிந்த மருத்துவரிடம் நோவைச் சொல்லத் திணறுபவருக்கு மென்பொருள் உதவாது. அதற்குத் தமிழ் வகுப்பே வேண்டும்.